இருபத்து மூன்றாம் குழி

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கார்டு வந்து பத்து நாளாகிறது. ‘பெண் குழந்தை என்று மாப்பிள்ளை சொன்னார். சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள்.’ அவ்வளவுதான். பாதிக் கார்டு காலி. உன்னிடம் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் ஒழுங்காக ரிவர்ஸ் எடுத்தால்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பாராட்டுவாய்.

சரி, நான் மட்டும் என்ன ஒழுங்கு. பத்து நாளாகப் பதில் போடவில்லை. பாப்பா விட்டால்தானே என்று சொன்னால் அது பாதி உண்மை. போனில் கூப்பிடலாம் என்றால் நீதான் முன்பே சொல்லிவிட்டாயே, “போன்ல நீ அழுவ, நான் கத்துவேன். எதுவா இருந்தாலும் எழுதிப் போடு” என்று. எழுதுகிறேன். மணி ஒன்றரை. இவள் இப்போதுதான் கண்ணை மூடினாள். சமையலறை மேசையில், காயப்போட்ட சின்னச் சின்னத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு கிலோ இருநூறு. தலையை உள்ளங்கையில் ஏந்தினால் விரல்கள் மிச்சமிருக்கின்றன. எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார் டாக்டர். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். “டிக்கெட் செக்கிங் மறுபடியும் வந்துட்டாங்கடா தங்கம், எடுத்துக் காட்டிடு” என்று இவர் குழந்தையிடம் சொல்லிச் சிரிக்கிறார். வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். மல்லாக்கப் படுக்க வைத்தால் மல்லாக்கவே இருக்க வேண்டும். யாரும் அவளைப் புரட்டக் கூடாது. ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

மேல் வீட்டு அம்மா நேற்று வந்தார். நாலு பிள்ளை பெற்றவர். “இங்க வர்றதுக்கு முன்னாடி என்னம்மா பண்ணிட்டிருந்த?” என்றார்.

“காலேஜ் லைப்ரரில வேலை. விடியக்காலைல அக்காவோட ஆமை பார்க்கப் போவேன்.”

“ஆமையா! வீட்டுக்குள்ள எல்லாம் கொண்டு வரலியே?”

நான் உட்கார வைத்து விளக்கினேன். ராத்திரி கடலிலிருந்து ஏறிவந்து, மணலைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். விடியும்போது தடம் பார்த்து நாங்கள் கண்டுபிடிப்போம். அலை எட்டுகிற இடத்திலோ நாய் தோண்டுகிற இடத்திலோ இருந்தால், முட்டைகளை வாளியில் எடுத்துப் போய் வேலிக்குள், அதே ஆழத்தில் குழி வெட்டிப் புதைப்போம். அந்த வேலிக்குப் பொரிப்பகம் என்று பெயர். ஐம்பது, அறுபது நாளில் குஞ்சுகள் மேலே வரும். கடல்வரை காவலுக்குப் போவோம்.

“தாய் வந்து பார்க்காதா?”

“வராது.”

“ஒரு தடவைகூட?”

“ஒரு தடவைகூட.”

என் மடியில் கிடந்தவளைப் பார்த்தார், என் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைப் பார்த்தார். “கொடுத்து வெச்சவ” என்றார்.

சிரிப்பு வந்தது. அப்புறம் சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். இதையெல்லாம் உன்னிடம்தான் சொல்ல முடியும், நீயோ பாதிக் கார்டு போடுகிறாய். குழந்தையைப் பார்க்க வரவும் இல்லை.

அன்புடன்,
சின்னவள்

கேட்க மறந்துவிட்டேன். குழிகள் எல்லாம் எப்படி இருக்கின்றன? இருபத்து மூன்று?


மார்ச் 4

சின்னவளுக்கு,

கார்டில் எத்தனை அங்குலம் காலி என்று அளந்து பார்த்தாயே, அந்தக் காலி இடத்தில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாதா? சொல்கிறேன். பிப்ரவரி ஐந்தாம் தேதி, நீங்கள் ஊர் மாறிப் போன அன்றைக்கு, உங்கள் சாமான் வண்டி பொரிப்பக வேலியை உரசிக்கொண்டுதான் போயிற்று. நான் கம்பிவலையைக் கையில் பிடித்தபடி நின்றேன். நீ முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு நேராகப் பார்த்துக்கொண்டு போனாய். லைசென்ஸ் டெஸ்டில்கூட யாரும் அவ்வளவு நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. நம்மோடு மணலில் நடக்கிற தையல்காரர்தான் பாவம், வண்டி திரும்புகிறவரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார். “தங்கச்சி பார்த்துச்சு மாஸ்டர், சிரிச்சுச்சு” என்றார். பொய்.

ஆறு வருஷம் ஒன்றாக நடந்திருக்கிறோம். எட்டு மாத வயிற்றோடு வாளி தூக்காதே என்று திட்டினேன், உண்மைதான். பத்துப் பேர் முன்னால் திட்டினேன். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் போகிற அளவுக்குக் கோபமா? நீ கோபத்தில் இருக்கிறாய் என்று நானும் கோபத்தில் இருந்தேன். அதுதான் அந்தக் காலி இடம்.

வரவில்லை என்கிறாய். சீசன் முடியாமல் எப்படி வருவேன்? காலையில் மணல், பகலில் கிளட்ச்சை மிதித்துக் கொல்கிறவர்கள். இப்போது வேலிக்குள் நாற்பத்தொரு குழி இருக்கிறது. நீ போனபோது இருபத்து நாலு.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. செவ்வாய்க்கிழமை வெளிச்சம் வந்த பிறகு ஒரு ஆமை ஏறிவந்தது. இத்தனை வருஷத்தில் பகலில் நான் பார்த்தது இரண்டோ மூன்றோ. தாமதமாகிவிட்டது போலிருக்கிறது, அதற்கும் என்ன அவசர வேலையோ. ஓட்டின் மேல் பாசி, ஒரு பக்கம் பழைய காயம். பின்துடுப்பை மடக்கி, கிண்ணம் மாதிரி குவித்து, மணலை அள்ளி வெளியே வைத்தது. அப்புறம் மற்றத் துடுப்பு. பார்க்காமலே. பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், குடுவை மாதிரி ஒரு குழி. நானும் தையல்காரரும் மண்டியிட்டு இருந்தோம். அவருக்கு அளவு எடுக்காமல் கை நிற்காதே, கழுத்தில் டேப்பும் இருந்தது. எடுக்கவில்லை. முட்டை விழத் தொடங்கியதும் அதன் கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்தது. உப்பை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான், நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் தையல்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நானும் செருப்பைக் கழற்றினேன். ஏன் என்று கேட்காதே.

இருபத்து மூன்றுக்கு என்ன? நன்றாகத்தான் இருக்கிறது. அட்டையில் உன் கையெழுத்து. நாற்பத்தொரு குழி இருக்க நீ ஏன் அதை மட்டும் கேட்கிறாய்?

பெரியவள்

பாப்பா யார் மாதிரி இருக்கிறாள்? மாப்பிள்ளை மாதிரி என்றால் பரவாயில்லை, பழகிவிடும்.


மார்ச் 10

அக்கா,

கோபத்தினால் திரும்பிப் பார்க்காமல் போகவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் நேராகப் பார்த்துக்கொண்டு போனேன். இப்போது சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடியும் பத்து நாளாகும்.

பிப்ரவரி இரண்டாம் தேதி. நீ திட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. எனக்குத் தூக்கம் இல்லை, இவள் உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தாள். சும்மா நடந்து வரலாம் என்று தெற்குப் பக்கம் போனேன். ஆறே முக்கால் இருக்கும். அங்கே ஒரு தடம். மேல்பாதி புதிதாக இருந்தது, கீழ்ப்பாதியை அலை அழித்திருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முந்தின இரவு பதினோரு மணிக் கடலேற்றத்துக்கு முன்பே முட்டையிட்டுப் போயிருக்கிறது. எட்டு மணி நேரம் ஆகியிருக்கும். அடுத்த ஏற்றத்தில் கூடு முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும்.

ஆறு மணி நேரம் தாண்டினால் முட்டையைப் புரட்டக்கூடாது என்பது உன் முதல் பாடம். கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டத் தொடங்கிவிடும், கவிழ்த்தால் அறுந்துவிடும். “எது மேல, எது கீழன்னு முட்டைக்குத் தெரிஞ்சுடுச்சு, இனிமே நாம மறக்கக்கூடாது” என்பாய். பென்சிலால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு புள்ளி வைத்து, புள்ளி மேலே இருக்கும்படியே எடுத்து, அப்படியே வைக்க வேண்டும். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் “சொன்னேன்ல” என்பாய் என்று கூப்பிடவில்லை. இப்படி ஒரு காரணம். எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். அறுபது வரை. அதற்கு மேல் குனிய முடியவில்லை, இடுப்பு விட்டுப்போயிற்று, அலை வேறு பத்தடியில். மீதியைப் புள்ளி வைக்காமலே, அப்படி அப்படியே எடுத்து அடுக்கினேன். கவனமாகத்தான். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வேலி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வயிறு கல்லாக இறுகியது. மண்டியிட்டேன். வாளி சாய்ந்தது.

அக்கா, எல்லாம் உருண்டன. ஈர மணலில், சத்தமே இல்லாமல்.

புள்ளி இருந்த அறுபதையும் புள்ளி மேலே வருகிறமாதிரி வைத்தேன். மீதி ஐம்பத்திரண்டையும் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெள்ளை. மேல் இல்லை, கீழ் இல்லை. ஏதோ ஒரு பக்கமாக வைத்தேன். குழி வெட்டினேன், புதைத்தேன், நோட்டில் எழுதினேன். ‘குழி 23. முட்டை 112. புள்ளி வைத்தது 112.’ உன் நோட்டில் நான் எழுதிய ஒரே பொய்.

ஒன்பதாவது நாள் வலி வந்துவிட்டது. அந்த வாளியால்தான் இவள் முந்திக்கொண்டு வந்தாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. இவளையும் கவிழ்த்துவிட்டேன் என்று தோன்றுகிறது. அதனால்தான் யாரும் புரட்டக்கூடாது என்கிறேன். பைத்தியம் என்றுதான் சொல்வாய். சொல். ஏதாவது சொல்.

சின்னவள்


மார்ச் 22

சின்னவளே,

இது மூன்றாவது தாள். முதலிரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதில் உன்னைத் திட்டியிருந்தேன், நல்ல கெட்டியான திட்டு, வீணாகப் போயிற்று. இரண்டாவதில் ஒன்றும் பரவாயில்லை என்று எழுதியிருந்தேன். அது உண்மை இல்லை, கிழித்தேன்.

உருண்டதற்கு எனக்குக் கோபமில்லை. வாளி யாருக்கும் சாயும். நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாயே, அதுதான். ஒவ்வொரு வருஷமும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் எந்தக் குழி பொரிந்தது, எது பொரியவில்லை, ஏன் என்று யோசிக்கிறோம். ஆறு வருஷமாக நாம் பார்த்ததற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது? கடலுக்குள் போனது எதுவும் திரும்பி வந்து சொல்லவா போகிறது? நம்மிடம் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான்.

நாலு நாள் இருபத்து மூன்றின் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் போய் உட்கார்ந்தேன். திறக்க முடியாது. உயிரோடு இருந்தால் திறப்பதே கொன்றுவிடும், உயிர் இல்லாவிட்டால் திறந்து என்ன. கையை மணல்மேல் வைத்துக்கொண்டு இருந்தேன். மேலே சூடு, கொஞ்சம் தோண்டினால் குளிர்ச்சி. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. ஒரு முழம் மணல், அவ்வளவுதான் நடுவில். நிலாவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பது பொய், மறக்கவே இல்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி தெற்குக் கரையில் நடப்பது என் முறை. முறைப் பலகையில் என் பெயர்தான் இருந்தது. அன்றைக்கு ஏழு மணிக்கு ஆறு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஒரு நாள் போகாவிட்டால் என்ன என்று வண்டியை நேராக டெஸ்ட் மைதானத்துக்கு விட்டேன். நான் போயிருந்தால் நாலரைக்கே பார்த்திருப்பேன், ஆறு மணி நேரத்துக்குள். புள்ளியே வைத்திருக்க வேண்டாம். வயிற்றுப் பிள்ளைக்காரி அங்கே போய்ப் பார்க்கும்படி ஆயிற்று. சாயங்காலம் நீ தெற்கிலிருந்து ஒரு கூடு கொண்டுவந்தாய் என்று தையல்காரர் சொன்னபோது, நீ அதைச் சொல்லிக்காட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது நம் இரண்டு பேர் கதையும்.

அந்த ஆறு பேரில் நாலு பேர் பெயில். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாளியால் குழந்தை முந்தி வந்ததா என்று என்னைக் கேட்காதே, எனக்குக் கியர் பாக்ஸ்தான் தெரியும். டாக்டரைக் கேள். வாயைத் திறந்து கேள், மனதுக்குள் கேட்காதே.

நோட்டில் அந்த வரியை நான் தொடவில்லை. உன் கையெழுத்து, நீ வந்து திருத்து.

பெரியவள்


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டரைக் கேட்டேன். வாயைத் திறந்தே கேட்டேன். ஆமை, வாளி, எல்லாம் சொன்னேன். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். டாக்டர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வாளி என்ன வெயிட் இருக்கும்?” என்றார். நாலு கிலோ இருக்கும் என்றேன். “என்கிட்ட வர்றவங்க மூத்த குழந்தையை இடுப்புல வெச்சுட்டு, தண்ணிக் குடத்தையும் தூக்கிட்டுத்தான் வர்றாங்க. சிலது முன்னாடி வரும், சிலது பின்னாடி வரும். ஏன்னு எங்களுக்கே தெரியாதும்மா. தெரியாததை எல்லாம் உன் தலையில ஏத்திக்காதே” என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, உன் கடிதத்தை மறுபடியும் படித்தேன். உன் முறை என்று எனக்குத் தெரியவே தெரியாது. பலகையை நான் பார்க்கவே இல்லை. அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? இல்லை. ஆனால் தனியாக இல்லை என்று இருந்தது. அது வேறு.

ஆனால் டாக்டர் அம்மாள் இன்னொன்றும் சொல்லிவிட்டார். குழந்தை விழித்திருக்கும்போது தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் போட வேண்டுமாம். கழுத்துக்குப் பலம் வர. இந்த ஆறு வாரமும் ஒருநாள்கூடப் போடவில்லையா என்று அதிர்ச்சியாகக் கேட்டார். தலையின் பின்பக்கம் தட்டையாக ஆரம்பித்திருக்கிறதாம். நான்தான் செய்தேன், பயத்தினால். வீட்டுக்கு வந்து தரையில் துணி விரித்தேன். இவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவளை ஏந்தினேன். திருப்பத் தொடங்கினேன், கை நின்றுவிட்டது. மூன்று முறை. இவர் துணியை மடித்து வைத்தார்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அறுபதாம் நாள் வரை மேலே வராத குழியைத் திறந்து பார்த்து மூடிவிடுவோம், அதுதான் நம் விதி. இருபத்து மூன்றுக்கு ஏப்ரல் மூன்றாம் தேதி. அன்றைக்குத் திறக்காதே. எனக்குக் காரணம் எதுவும் சொல்லத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சநாள் தெரியாமலே இருக்கட்டும் என்பது கோழைத்தனமாக இருக்கலாம். இருந்தாலும் கேட்கிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 3, சாயங்காலம்

சின்னவளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், தபால் பெட்டியைத் திறக்க ஆள் வருகிற நேரம்.

இருபத்திரண்டு போன வாரமே பொரிந்துவிட்டது. இருபத்து நாலும் பொரிந்துவிட்டது. நடுவில் இது மட்டும் இஸ்திரி போட்ட துணி மாதிரி அப்படியே கிடக்கிறது. காலையில் கையுறையும் வாளியும் எடுத்துக்கொண்டு போனோம். மண்டியிட்டேன். முதல் கை மணலை அள்ளினேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அள்ளிய மணலைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

“என்ன மாஸ்டர், பிரேக் போட்டுட்டீங்க?” என்றார் தையல்காரர்.

“மூணு நாள் கழிச்சுப் பார்ப்போம்.”

“விதி?”

“விதியை எழுதினது யாரு?”

“நீங்கதான்.”

“அப்போ சரி.”

மூன்று நாள். ஆறாம் தேதி திறந்துவிடுவேன். அதற்கு மேல் கேட்காதே.

பெரியவள்


ஏப்ரல் 8

சின்னவளே,

உட்கார்ந்து படி. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காதே.

ஐந்தாம் தேதி விடிவதற்கு முன்னால் வேலிக்குள் சுற்றி வந்தேன். இருபத்து மூன்றின்மேல் மணல் ஒரு தட்டு அளவுக்குக் குழிந்திருந்தது. அவ்வளவு லேசாக. முந்தின இரவு கையால் தடவிச் சமமாக்கியவள் நான், அதனால்தான் தெரிந்தது. உனக்குத் தெரியும் அதற்கு என்ன அர்த்தம் என்று. கீழே முட்டையை உடைத்து வெளியே வந்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேல்மணலை இடித்துக் கீழே தள்ளி, அந்த மணலையே மிதித்து மிதித்து எல்லாமாகச் சேர்ந்து உயர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. ஒன்று தனியாக ஏற முடியாது. ஒன்று துள்ளினால் பக்கத்தில் இருப்பதும் துள்ளும், ஓய்ந்தால் எல்லாம் ஓயும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது புரிவதில்லை. யார் சொல்லிக்கொடுத்தது?

குழிமேல் கம்பிக்கூடையைக் கவிழ்த்துவைத்து டார்ச்சை அணைத்தோம். தையல்காரரும் நானும் குப்புறப் படுத்துக்கொண்டோம், மூக்கு மணலில். கண் இருட்டுக்குப் பழகியும் அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு மூக்கு. ஒரு மணல் துகள் நகர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். மூக்கு, நெற்றி, அப்படியே நின்றுவிட்டது, வெளியே குளிர்கிறதா சுடுகிறதா என்று பார்க்கிற மாதிரி. நாங்கள் மூச்சுவிடவில்லை. அப்புறம் சின்னவளே, மணல் கொதித்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. பால் பொங்குகிற மாதிரி, உள்ளிருந்து கறுப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கூடை நிறைய.

எண்ணினோம். ஐம்பத்து நாலு.

அலையிலிருந்து முப்பதடி தள்ளி விட்டோம். அவையே நடக்க வேண்டும். கடல்பக்கம் வானம் அப்போதுதான் வெளுத்திருந்தது. ஐம்பத்து நாலும் ஒரே நேரத்தில் அந்த வெளுப்பைப் பார்த்துத் திரும்பின. எங்கள் கால் தடத்தில் ஒன்று விழுந்தது, மல்லாந்து, புரண்டு, மறுபடியும் நடந்தது. முதல் அலை வந்து ஐந்தாறைத் திரும்பத் தூக்கிப் போட்டது. அவை எழுந்து மறுபடியும் போயின. அவ்வளவு பெரிய தண்ணீர், அவ்வளவு சின்ன தைரியம். கடைசி ஒன்று போனபிறகு தையல்காரர், “ஒண்ணுக்குமே வழி சொல்லலியே மாஸ்டர் நாம” என்றார்.

இன்று காலையில் குழியைத் திறந்தோம். இது உனக்காக. தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிழிந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தண்ணீரில் அலசி, பலகைமேல் விரித்தார். துண்டுத் துணியை வைத்து முழுச்சட்டை கண்டுபிடிக்கிற ஆள் அல்லவா. பென்சில் புள்ளி இரண்டு மாதத்துக்குப் பிறகும் இருந்தது. நம்ப மாட்டாய்.

பொரிந்த ஓடுகள் ஐம்பத்தேழு. அதில் புள்ளி வைத்தவை முப்பத்தைந்து.

புள்ளி இல்லாதவை இருபத்திரண்டு.

தையல்காரர் மூன்று முறை எண்ணினார். நானும் எண்ணினேன். இருபத்திரண்டு. எது மேல், எது கீழ் என்று நீ மறந்துபோனவை. பொரியாமல் கிடந்தவை ஐம்பத்தைந்து, அதில் இருபத்தைந்தில் உன் புள்ளி இருந்தது. நீ சரியாக வைத்தவையும் சில பொரியவில்லை. அதனால் பொரியாதவற்றில் எவை நீ செய்தது, எவை அதுவாக நடந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. உன்னால் கொஞ்சம் செத்திருக்கலாம். இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இருபத்திரண்டையும் நீயும் காப்பாற்றவில்லை, நானும் காப்பாற்றவில்லை. அவை எப்படியோ வந்தன.

ஐம்பத்தேழு ஓடு, ஐம்பத்து நாலு குஞ்சு, மீதி மூன்று எங்கே என்று கேட்பாய். அடியில் இருந்தன. இரண்டு செத்துப்போயிருந்தன. மூன்றாவது மல்லாக்கக் கிடந்தது, வயிற்றில் மணல் ஒட்டிக்கொண்டு, துடுப்புகள் விரிந்து. அதையும் அந்த இரண்டோடு வைத்துவிட்டேன். அப்புறம் ஏதோ தோன்றி எடுத்தேன். மல்லாக்கக் கிடந்ததை உள்ளங்கையில் திருப்பினேன். குப்புறப் போட்டேன். ஒன்றும் இல்லை. இருபது எண்ணினேன். ஒன்றும் இல்லை. கீழே வைக்கப் போனபோது தலையைத் தூக்கியது.

தலையை மட்டும். ஊசிமுனை அளவு கண்ணைத் திறந்து, என் முகத்துக்கு நேராக, அக்கறையே இல்லாமல் பார்த்தது. நான் யார் என்று அதற்கு என்ன தெரியும். சின்னவளே, அதை ஈரமணல் போட்ட வாளியில் நாள் முழுக்க நிழலில் வைத்திருந்தோம். சற்று முன்தான், சூரியன் இறங்கியபிறகு, அதுவும் போயிற்று. கடைசியாக, தனியாக. அதற்குப் பின்னால்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

உன்னால் முடியும். ஏந்து, திருப்பு, போடு. இருபது எண்ணு.

உன் அக்கா


ஏப்ரல் 12

என் அக்காவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். பாதியில் கண் நிறைந்து எழுத்து தெரியவில்லை, இவரை உரக்கப் படிக்கச் சொன்னேன். இருபத்திரண்டு என்ற இடத்தில் இவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னொரு தரம் படிங்க” என்றேன். படித்தார். மேல் வீட்டு அம்மா அழுகைச் சத்தம் கேட்டு இறங்கி வந்தார், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று. இவர் விவரம் சொன்னார். “ஒண்ணும் தெரியாத பிஞ்சுகளா? அதுகளாவா போச்சு?” என்றார். அப்புறம் அவரும் எங்களோடு உட்கார்ந்து அழுதார். யாருக்காக என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

செத்திருக்கலாம் என்று எழுதினாயே, அதற்கு நன்றி. இல்லை என்று எழுதியிருந்தால் மற்றதை நம்பியிருக்கமாட்டேன்.

மறுநாள் காலையில் துணி விரித்தேன். ஏந்தினேன். கை நின்றது. நின்ற கைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சநேரம் நிற்கட்டும் என்று விட்டேன். அப்புறம் திருப்பினேன். போட்டேன். நானும் அவளுக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன், உங்களைப் போல, மூக்கு தரையில்.

முகம் துணியில் புதைந்து, ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தாள். முனகினாள். எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் கால் உதைத்தது. பதினாலில் முதுகு நடுங்கியது. முகமெல்லாம் சிவந்துவிட்டது. தூக்கிவிடலாம் என்று கை போனது, இவர் பிடித்துக்கொண்டார். பதினேழில் அக்கா, தலை மேலே வந்தது. ஆடி ஆடி, கழுத்தே இல்லாத ஒரு கழுத்தின்மேல், அவ்வளவு பெரிய தலை. என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலில் அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது, அந்தப் பக்கம் பார்த்தாள். நாலு வரை எண்ணுகிற நேரம் இருக்கும். பொத்தென்று விழுந்தது. அழுவாள் என்று பார்த்தால் இல்லை, பெருமூச்சு விட்டாள், பெரிய வேலை முடித்தவள் மாதிரி.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. எட்டு வாரம் தடுத்துத்தான் வைத்திருந்தேன். அது உள்ளேயே இருந்திருக்கிறது.

நேற்று இரவு அவள் மூக்குக்குக் கீழே விரல் வைக்க இரண்டு தரம்தான் எழுந்தேன். சரி, நாலு.

பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் மூன்று பேரும் வருகிறோம். இந்த முறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வருவேன், வேலி வந்ததும் கை ஆட்டுவேன், தையல்காரரிடம் சொல்லிவை. இவள் யார் மாதிரி என்று நீயே பார்த்துச் சொல். கோபம் வந்தால் உன் மாதிரி, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நோட்டில் அந்தப் பக்கத்தைப் பிரித்து வை. புள்ளி வைத்தது 112 என்பதை அடித்து 60 என்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். வாளி சாய்ந்ததையும் எழுதுவேன். அதன் பக்கத்தில் 22 என்று இன்னோர் எண் எழுத வேண்டும். அதற்கு மேலே என்ன தலைப்புப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நம் நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. நான் வருவதற்குள் நீ யோசித்து வை.

சின்னவள்